கோடு விழுந்த வானம்

உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், சுந்தரபாண்டியின் துப்பறியும் ஆபீஸ் தரையில் விரிந்து கிடந்தது. மாடி அறை முழுக்க மை நெடி. மண்ணெண்ணெயில் பழைய ரப்பர் செருப்பை ஊறப்போட்ட மாதிரி. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. தென்காசிச் சாரல் காற்று உள்ளே வந்து அந்த நாற்றத்தை மோந்து பார்த்துவிட்டு வெளியே போனது.

நடுவில் சண்முகப்பிரியா, மாலைக்குள் சிரித்துக்கொண்டு. பின்னால் ஊதாவிலிருந்து காவிக்கு ஏறும் பெரிய வானம். அடியில் பொடி எழுத்தில் தென்காசி ஃப்ளெக்ஸ் கடை ஒன்றின் பெயர்.

"ஏம் மருமவ வே!" என்றார் கடற்கரை. சண்முகப்பிரியாவின் தாய்மாமன். குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருப்பவர். இந்தக் கேஸைக் கொண்டு வந்தவரும் அவர்தான். "நெஞ்சுல போட்டு வளத்த பிள்ள. அதுக்கு மாலையப் போட்டு ரோட்டுல தொங்க விட்டுட்டாளே பாவி!"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய செருப்புக் கால் சண்முகப்பிரியாவின் கன்னத்தின்மேல் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சுந்தரபாண்டி கவனித்தார்.

நேற்று நடந்தது இதுதான். குத்துக்கல்வலசையில் இருக்கும் சண்முகப்பிரியாவுக்குப் பூ வைக்க, புளியங்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மேலகரத்தில் ஒரு சொந்தக்காரரை ஏற்றிக்கொள்ள வேன் நின்ற இடத்தில் கம்பத்தில் இந்த ஃப்ளெக்ஸ் தொங்கியது. பூ வைக்கப் போகிற பெண் ஃப்ளெக்ஸில் செத்துப்போயிருந்தாள். வேன் அப்படியே திரும்பிவிட்டது. விஷயம் கேட்டு ஓடிவந்த பெண்ணின் அப்பா மணிமுத்து, மகள் படத்தை அண்ணாந்து பார்த்தார். கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"செஞ்சவ உமாராணி. ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் போடுதவ," என்றார் கடற்கரை. "இதே மாப்பிள்ள மொதல்ல அவளைத்தான் பாத்துட்டு வேண்டாம்னு போனான். அந்த வயித்தெரிச்சல். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காவ. அங்க போய்க் குழப்புறதுக்கு முந்தி, அவ வாயால ஒத்துக்க வையும்."

"ஆதாரம்?"

"அடியில கடைப் பேரு இருக்குல்லா! கம்பத்துல தொங்கும்போதே நான் போட்டோவும் எடுத்துட்டேன். இந்தா, சித்ரா போனுக்கு அனுப்பியாச்சு."

ஜெயசித்ரா போனைப் பார்த்தாள். ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள். இப்போது சுந்தரபாண்டிக்கு உதவியாள், வண்டியோட்டி, வாய் எல்லாமே அவள்தான்.

"படம் ஜோரா இருக்கு அண்ணாச்சி," என்றாள். "மச்சான் மயங்கி விழுந்த நேரத்துலயும் கை நடுங்கல பாருங்க. கல்யாண ஸ்டுடியோக்காரன் தோத்தான்."

கடற்கரை முறைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் மச்சானுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று கிளம்பினார். போகும்போதும் ஃப்ளெக்ஸை மிதித்துக்கொண்டேதான் போனார்.

சுந்தரபாண்டி புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கி வளர்ந்தவர். மூட்டையின் வாயில் நல்ல காயை அடுக்கி, அழுகலை அடியில் போட்டுத் தைத்திருப்பார்கள். பார்த்தால் தெரியாது. தோளில் ஏற்றினால் முதுகில் ஈரம் இறங்கும். இன்று காலை முதலே அவர் முதுகில் அந்த ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"சுருட்டு இதை," என்றார். "கடைக்குப் போவோம்."

சித்ரா ஸ்கூட்டியை ஓட்ட, முட்டி தேய்ந்துபோன சுந்தரபாண்டி ஃப்ளெக்ஸைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"பொணத்தைத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கு," என்றாள் சித்ரா.

"பொணமுன்னா பரவால்ல. குழியில போட்டா சோலி முடிஞ்சிரும்."

கடையில் மெஷின் சர்ர் சர்ர் என்று யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பல்லை அடித்துக்கொண்டிருந்தது. உமாராணி கம்ப்யூட்டர் முன்னால் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இன்றிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு எங்கிருந்து கிளம்புவது என்று தெரியாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

சித்ரா ஃப்ளெக்ஸை மேஜைமேல் விரித்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில்தான் அது சுந்தரபாண்டியின் கண்ணில் பட்டது. வானம் வழுக்கிக்கொண்டு ஏறவில்லை, படி படியாக ஏறியது. கருத்த ஊதா ஒரு பட்டை. அதற்கு மேல் கொஞ்சம் வெளுத்த ஊதா ஒரு பட்டை. அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓரம் தெரிந்தது. வேட்டிக்கரை மாதிரி வரி வரியாக ஒரு வானம்.

நிமிர்ந்து கடைச் சுவரைப் பார்த்தார். உமாராணி போட்ட மாதிரிகள் அங்கே தொங்கின. கிரகப்பிரவேசம், கோயில் கொடை, காதுகுத்து. எல்லாவற்றிலும் வானம் இருந்தது. ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை.

சித்ரா கையைத் தட்டினாள். "முடிஞ்சு போச்சு! இந்தப் பிள்ள போடுற வானத்துல கோடே விழாது. இது முழுக்கக் கோடு. அப்ப இது வேற எவனோ போட்டது. ஏட்டி உமா, எந்திரி, மூஞ்சியக் கழுவு."

"இல்லக்கா," என்றாள் உமாராணி. "இது என் வானம்தான்."

"ஏட்டி! ஏணி வச்சு வெளிய ஏத்துதேன், நீ திரும்பக் கிணத்துக்குள்ள குதிக்கியே!"

"பொய் சொல்லத் தெரியலக்கா. ஊதாவுக்கும் காவிக்கும் நடுவுல ஒரு ரோஸ் நிக்குது பாருங்க. நான் கலந்தது. வேற எவருகிட்டயும் கிடையாது. ஆனா நான் இந்த வானத்தக் கோடில்லாமத்தான் போட்டேன்."

சுந்தரபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். "கோடு எப்படி விழும்? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு தாயி."

"நிறத்த மெல்ல மெல்ல மாத்திக்கிட்டே போன்னு கம்ப்யூட்டர்ட்ட சொல்லுதோம் அண்ணாச்சி. அதுகிட்டயும் அளவாத்தான் நிறம் இருக்கு. கிட்டத்துல இருக்கிற ரெண்டு நிறத்தக் குடுத்து, இத ஒரு ஆள் உயரத்துக்கு இழுன்னா, நடுவுல போட அதுகிட்டச் சரக்கு கிடையாது. ஒரே நிறத்த ஒரு சாணுக்கு அப்பும். அடுத்த சாணுக்கு அடுத்த நிறம். ரெண்டும் முட்டுற இடம் கண்ணுல குத்தும். அதான் கோடு."

"அதுக்கு என்ன மருந்து?"

"நிறத்தத் தள்ளித் தள்ளி எடுக்கணும். நடுவுல இன்னொரு நிறத்த நிப்பாட்டணும். மாறுற படியக் கூட்டி வைக்கணும். கடைசியா, எல்லாத்துக்கும் மேல மணல் தூவணும்."

"மணலா?" என்றாள் சித்ரா. "ஆத்துல அள்ளுனாப் பிடிச்சிட்டுப் போயிருவானே."

உமாராணிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "பொடிப் புள்ளிக்கா. இருக்கிறதே தெரியாது. அது ஓரத்தக் கலைச்சு விட்டுரும். நான் மொதமொத ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ்ல தூவாம விட்டுட்டேன். மாப்பிள்ள தலைக்குப் பின்னால வானம் விபூதிப் பட்ட மாதிரி நின்னுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க மண்டப வாசல்லயே கிழிச்சுப் போட்டாங்க. அதுலேருந்து மணல் தூவாம ஒண்ண வெளிய விட மாட்டேன்."

சுந்தரபாண்டிக்கு அது புரிந்தது. மூட்டை இல்லாத நாட்களில் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார். நேற்றுப் பூசிய சுவரும் இன்று பூசிய சுவரும் சேருகிற இடத்தில் ஒரு வரி தெரியும். கொத்தனார் தேய்ப்புக் கட்டையை வைத்து மணலை இழுத்து விடுவார். வரி ஓடிப்போகும்.

"அப்ப இதுல மணல் என்ன ஆச்சு?"

உமாராணி குனிந்து ஒரு பட்டையின் ஓரத்தைத் தொட்டாள். "தூவாம விட்ட கோடுன்னா ஓரம் கத்தி மாதிரி சுத்தமா இருக்கும். இது கட்டங் கட்டமாப் பிஞ்சு கிடக்கு. இங்கன பாருங்க, சொறி மாதிரி அப்பியிருக்கே, அதான் நான் தூவுன மணல். போன்ல படம் அனுப்புனா, வெரசாப் போகட்டும்னு அது படத்தப் போட்டு நசுக்கும். நுணுக்கமா இருக்கிறதுதான் மொதல்ல சாகும். மணல் செத்துதுன்னா கோடு எந்திரிச்சிரும். நசுங்குனதத் திரும்பப் பெருசாக்கி அடிச்சிருக்காவ."

"அப்ப உங்கிட்ட இருக்கிற ஃபைல்லேருந்து இத அடிக்கல."

"அடிச்சிருந்தா நல்லா வந்திருக்குமே அண்ணாச்சி," என்றாள். தன் தலைக்கு மேலேயே கத்தி தொங்குகிற நேரத்திலும், வேலை கெட்டுப்போன வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

"இந்த வானத்த எதுக்குப் போட்ட?"

"இவங்க வீட்டுக்குத்தான். சண்முகப்பிரியா தங்கச்சி சடங்குக்கு. ஒரே ஒரு தடவ. அந்தப் பாப்பா ஊதாப் பாவாடைன்னு..."

"உமாராணி!"

முதலாளி ஜெகதீஸ்வரன் உள்ளேயிருந்து வந்தான். கையில் கடையின் போன். "பழசெல்லாம் எதுக்குக் கிண்டுத? உன்ன வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சுல்லா? அண்ணாச்சி, கடை அடைக்கிற நேரம்."

"நடு மத்தியானத்துலயா?" என்றாள் சித்ரா.

"எங்க மெஷின்ல இது ஓடல. இவ வெளிய எங்கயோ குடுத்து அடிச்சிருக்கா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அவன் பேசும்போது கண் சுந்தரபாண்டியைப் பார்க்கவில்லை. மெஷினில் ஓடிக்கொண்டிருந்த பல்லைப் பார்த்தது. ஆறு வருஷம் தன் கடைக்குச் சோறு போட்ட பெண்ணை, மூக்கைச் சிந்தி உதறுகிற மாதிரி உதறிக்கொண்டிருந்தான்.

சுந்தரபாண்டிக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடம் தேடியவர், வாசல் வரைக்கும் போய்த் துப்பினார்.

"அந்தச் சடங்கு ஃப்ளெக்ஸ் இப்ப எங்க கிடக்கும்?" என்றார் வண்டியில் ஏறியபடி.

"சீசன் நேரத்துல பழைய ஃப்ளெக்ஸ் எங்க இருக்கும்? எவன் கடைக்காவது சாரல் மறைப்பா இருக்கும்," என்றாள் சித்ரா. "வாங்க, மாமன்காரரு சிப்ஸ் கடைக்கே போவோம்."

குற்றாலம் நசநசவென்றிருந்தது. ஈரத் துண்டும் தலை எண்ணெயும் சீயக்காயுமாகக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. ஓடையில் ஷாம்பு கவரும் அழுக்கு நுரையும் சேர்ந்து ஒதுங்கியிருந்தன. அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவன், அதே ஓடையில் மீன் முள்ளைத் துப்பிக்கொண்டிருந்தான்.

கடற்கரையின் கடையில் அவர் மகன் விஜய்பாண்டி நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் அந்தச் சடங்கு ஃப்ளெக்ஸ் கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தது. சடங்கான சின்னப்பெண் ஒரு மூலையில் சின்னதாக இருந்தாள். நடுவில் கும்பிட்ட கையோடு கடற்கரைதான் பெரிதாக இருந்தார். ‘சீர்வரிசையுடன் அன்பு மருமகளை வாழ்த்தும் தாய்மாமன்’.

"சடங்கு யாருக்கு, உங்கப்பாவுக்கா?" என்றாள் சித்ரா.

விஜய்பாண்டி சிரித்தான். "அப்பாவுக்கு மாமன் சீருன்னா உசுரு. பெரியவள எனக்குத்தான் கட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. அத்த முடியாதுன்னுட்டாவ. அவ நர்ஸுக்குப் படிச்சவ, நான் காய் சீவுதவன். எனக்கே அது சரின்னுதான் படுது. அப்பாவுக்குத்தான் படல."

சுந்தரபாண்டி ஸ்டூல்மேல் ஏறித் துண்டால் ஃப்ளெக்ஸைத் துடைத்தார். அதே ஊதா. அதே ரோஸ். அதே காவி. எண்ணெய்ப் புகை படிந்தும், சாரலில் நனைந்தும், ஊதா எங்கே முடிந்தது, காவி எங்கே ஆரம்பித்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. உமாராணி சொன்னது சரி.

"இதையே எவனாவது போன்ல படம் எடுத்து, அத வச்சு அடிச்சிருந்தா?" என்றாள் சித்ரா.

"எடுத்தாக் கயிறு வரும். சுருக்கம் வரும். எண்ணெய்க் கறை வரும். அந்த ஃப்ளெக்ஸ்ல அதெல்லாம் இல்ல." அவர் இறங்கி, கடையைத் தாண்டி ஒரு புளியமரத்தடிக்குப் போய் உமாராணிக்குப் போன் போட்டார். "தாயி, அடிக்கிறதுக்கு முந்தி டிசைன யாருக்காவது போன்ல அனுப்புவியளா?"

"புரூஃப் அனுப்புவோம் அண்ணாச்சி. ஓகே சொன்னாத்தான் அடிப்போம்."

"அந்தச் சடங்குக்கு யாருக்கு அனுப்புன?"

உமாராணி மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்து பேசினாள். "சடங்கு ஃப்ளெக்ஸு யாரு செலவு அண்ணாச்சி? மாமன் சீருல்லா அது. கடற்கரை அண்ணாச்சிக்கு மட்டுந்தான் அனுப்புனேன். மொதலாளி அத நேத்தே கடைப் போன்லேருந்து அழிச்சிட்டாரு. கடற்கரை வருஷம் பூரா ஆர்டர் குடுக்கிற ஆளு, நீ வாயத் திறந்தேன்னா வேற எந்தக் கடையிலயும் வேல கிடைக்காதுன்னாரு."

சித்ரா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "த்தூ! நம்மகிட்ட வந்து மூக்கச் சிந்துனானே!"

"நம்மளத் தேடி வந்ததே அதுக்குத்தான். அந்தப் பிள்ள தலையில இத நம்ம கையால இறக்கி வைக்கணும்னு."

"ஆனா மொதலாளிக்காரன் படத்த அழிச்சிட்டானே அண்ணாச்சி. வெறும் வானத்த வச்சிக்கிட்டு ஸ்டேஷன்ல என்ன பேசுறது? சாயங்காலம் ஆகப் போகுதே."

சுந்தரபாண்டி திரும்பிச் சிப்ஸ் கடையைப் பார்த்தார். ஃப்ளெக்ஸின் நாலு மூலையிலும் கயிறு. காற்றில் அது உப்பி உப்பி அடங்கியது.

"சித்ரா, காலையில அவரு அனுப்புன போட்டோவ எடு."

எடுத்தாள். பார்த்தாள். கண் விரிந்தது. "ஸ்டுடியோன்னு நானே சொன்னேனே! கம்பத்துல தொங்குனத எடுத்தேன்னாரு. கம்பம் எங்க? கயிறு எங்க?"

கயிறு இல்லை. கம்பம் இல்லை. சுருக்கமில்லை, பின்னால் ஒரு மரக்கிளைகூட இல்லை. நாலு ஓரமும் வெட்டி வைத்த மாதிரி நேராக இருந்தன. அது தொங்கின ஃப்ளெக்ஸின் போட்டோ இல்லை. ஃப்ளெக்ஸ் ஆவதற்கு முந்தின படம்.

"போன்ல ரெண்டும் அடுத்தடுத்து இருந்திருக்கும்," என்றார் சுந்தரபாண்டி. "பொடிசாப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நம்மளுக்கு உதவி செய்யுற அவசரத்துல விரல் தப்பிட்டு."

ஆஸ்பத்திரி அறையில் கடற்கரை மச்சானுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டியையும் ஊதி ஊதிக் கொடுத்தார். மணிமுத்து வாயைத் திறந்து திறந்து வாங்கினார். அவர் மனைவி முத்துவடிவு, அண்ணன் பக்கத்தில் நன்றியோடு நின்றாள். சண்முகப்பிரியா ஜன்னலோரம் நின்றாள்.

சுந்தரபாண்டி வாசல்படியிலேயே நின்றார். அழுகின எலுமிச்சை மூட்டைகூட இப்படி நாறாது.

"ஒத்துக்கிட்டாளா வே?" என்றார் கடற்கரை.

"கரண்டியக் கீழ வையும். வெளிய வாரும், மச்சானுக்கு முன்னால வேண்டாம்."

வராந்தாவுக்கு அவர் மட்டும் வரவில்லை. தாயும் மகளும் வந்தார்கள். சித்ரா போனை நீட்டினாள். "இது நீங்க கம்பத்துல எடுத்த போட்டோதானே அண்ணாச்சி?"

"ஆமா."

"கம்பத்த வீட்டுல வச்சிட்டு எடுத்தியளோ?"

கடற்கரை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இது... எவனோ அனுப்புனான்."

"அடிச்சவனுக்கும் அடிக்கச் சொன்னவனுக்கும் மட்டுந்தான் இந்தப் படம் வரும்," என்றார் சுந்தரபாண்டி. "வானம் உம்ம மருமவ சடங்குக்கு நீரு வாங்குனது. புரூஃப் வந்தது உம்ம போனுக்கு, அடியில கடைப் பேரோட. உமாராணி மணல் தூவுன வானம் உம்ம போன்ல நசுங்கி வெளிய வந்திருக்கு. அத எங்க குடுத்து அடிச்சீரு?"

சண்முகப்பிரியா மாமன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தாள். அவர் தடுக்கக் கை தூக்கினார். முத்துவடிவு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் தேடினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு மலையாளத்து ஃப்ளெக்ஸ் கடை அனுப்பிய புரூஃப். அவளுடைய படம். ‘ஓகேவா சேட்டா?’ என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே மாமன் பேசி அனுப்பியிருந்தார். அவள் அதைத் தட்டினாள்.

"மால கொஞ்சம் சின்னதா இருக்கு. நல்லாப் பெருசாப் போடு."

வராந்தாவில் போன பெண் ஒருத்தி கடற்கரையின் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முத்துவடிவு பிடித்திருந்த கையை விட்டாள். சேலையில் உள்ளங்கையைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"மொறப்பொண்ணு முத்து!" கடற்கரை குரலை உயர்த்தினார். "எம் மவனுக்கு என்ன கேடு? புளியங்குடி எலுமிச்ச யாவாரிக்குக் குடுப்பியோ? சம்பந்தம் நின்னாப் போதும்னுதான் செஞ்சேன். மச்சான் விழுவாருன்னு நான் கண்டேனா? ஏம் மருமவ மேல எனக்கில்லாத பாத்தியதையா?"

"கஞ்சி ஊட்டுனியே," என்றாள் முத்துவடிவு. உள்ளே போனாள். அந்தக் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"ஸ்டேஷனுக்கு உமாராணி வருவா," என்றார் சுந்தரபாண்டி. "அவளுக்கு முந்தி நீரு போயிருக்கணும். போன் எங்கிட்ட இருக்கும். நடையும்."

கடற்கரை கஞ்சியை மிதித்துக்கொண்டு நடந்தார். இந்த ஆளுக்குக் காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற பழக்கமே இல்லை.

சண்முகப்பிரியா கூடவே வாசல் வரைக்கும் வந்தாள். ஸ்கூட்டியில் சாய்த்து வைத்திருந்த ஃப்ளெக்ஸ் சுருளைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஸ்டேஷன் சோலி முடிஞ்சதும் அத எனக்குத் தருவியளா?"

"எதுக்கு தாயி? தீ வச்சிருவோம்."

"வேண்டாம். மாமா கடையில சடங்கு ஃப்ளெக்ஸ அவுத்துட்டு இதக் கட்டப் போறேன். சீசன் முடியுற வரைக்கும் தொங்கட்டும். குளிக்க வாரவங்க கேப்பாங்கல்லா, யாரு செத்துட்டான்னு? நான் அடியில நின்னு சிப்ஸ் வாங்குவேன்."

சித்ரா ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி, உள்ளே கிடந்த நைலான் கயிற்றுச் சுருளை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"நல்லா இறுக்கிக் கட்டு பிள்ள. போட்டோ நான் எடுக்கேன். இந்தத் தடவ கயிறு தெரியணும்."